பிபி மாத்திரையும் போடிமெட்டு ஜீப்பும்

இந்த எபிசோடு பிபி மாத்திரை பத்தி. "எனக்கு 26 வயசு, எனக்கெதுக்கு இது"ன்னு அடுத்த எபிசோடுக்குத் தாவிடாதீங்க. சென்னையிலயோ பெங்களூருலயோ ட்ராஃபிக்ல நின்னுக்கிட்டு இதைக் கேக்குற நிறைய பேருக்கு ஊர்ல அம்மாவோ அப்பாவோ பிபி மாத்திரை சாப்பிடுறாங்க. வாரத்துக்கு ஒரு தடவை ஃபோன்ல "மாத்திரை சாப்பிடுறியாம்மா?"ன்னு கேப்பீங்க. "ம்ம், சாப்பிடுறேன்"னு பதில் வரும். பேச்சு வேற பக்கம் போயிடும். அந்த "ம்ம்"முக்குள்ள என்னென்ன ஒளிஞ்சிருக்கலாம்ங்கிறதுதான் இன்னைக்கு விஷயம்.

முதல்லயே சொல்லிடுறேன், நான் டாக்டர் இல்லை. இன்ஜினியரிங் படிச்சு, கோட் எழுதிப் பிழைக்கிறவன். இதைக் கேட்டுட்டு யாரும் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்கிறதுக்குத்தான் இது.

மலைக்குப் போற ஜீப்

எனக்கு ஊர் போடிநாயக்கனூர். தேனி மாவட்டம், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். எங்க ஊர்ல "ஏலம்"னு சொன்னா ரெண்டு அர்த்தம். ஒண்ணு ஏலக்காய், இன்னொண்ணு அதை விக்கிற ஏலம். ஸ்பைசஸ் போர்டோட மின்னணு ஏலம் போடியில நடக்குது. ஆனா செடி நிறைய இருக்கிறது மேல. போடிமெட்டு ஏறி அந்தப் பக்கம் இறங்கினா கேரளா, இடுக்கி மாவட்டம். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைன்னு வரிசையா ஏலத்தோட்டங்கள்.

அந்தத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போறவங்கள்ல பெரும் பங்கு நம்ம பக்கத்து ஆளுங்க. போடி, தேவாரம், கம்பம்னு அடிவாரத்துல இருந்து விடியக்காலையில ஜீப் கிளம்பும். அதுல நெருக்கி உக்காந்து, கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி மேல போய், நாள் பூரா வேலை பாத்துட்டு சாயங்காலம் திரும்புவாங்க. அதிகமா பெண்கள். நாப்பது, அம்பது வயசு தாண்டினவங்களும் நிறைய.

இப்ப இந்த நாளுக்குள்ள ஒரு பிபி மாத்திரையை வைங்க. டாக்டர் சீட்டுல "காலை 1"னு இருக்கு. அந்த ஒரு வரிக்கும் அந்த ஜீப்புக்கும் நடுவுல என்ன நடக்குதுன்னு பாக்கலாம்.

மாத்திரை உள்ள போய் என்ன பண்ணுது?

ரத்த அழுத்தத்தைப் புரிஞ்சுக்க வீட்டுத் தண்ணி மோட்டாரை நினைச்சுக்கோங்க. மோட்டார் எவ்வளவு வேகமா ஓடுது, குழாய் எவ்வளவு குறுகலா இருக்கு, உள்ள எவ்வளவு தண்ணி இருக்கு. இந்த மூணும்தான் அழுத்தத்தை முடிவு பண்ணுது. மோட்டார் இதயம், குழாய் ரத்தக்குழாய், தண்ணி ரத்தத்தோட அளவு. அந்த அளவைப் பாத்துக்கிறது சிறுநீரகம். பிபி மாத்திரை எல்லாமே இந்த மூணுல ஏதோ ஒரு இடத்துல போய் வேலை செய்யுது.

அம்லோடிபின். நம்ம ஊர்ல ரொம்பப் பழக்கமான பேர். ரத்தக்குழாய் சுவர்ல இருக்கிற தசைக்குள்ள கால்சியம் போறதைக் குறைக்கும். தசை தளரும், குழாய் விரியும்.

டெல்மிசார்டான், லோசார்டான். உடம்புல ஆஞ்சியோடென்சின்னு ஒரு பொருள் குழாயைச் சுருக்கச் சொல்லி சிக்னல் அனுப்பும். இந்த மாத்திரை அந்த சிக்னல் போய்ச் சேர்ற இடத்தை அடைச்சிடும். எனலாப்ரில் மாதிரி "ப்ரில்"ல முடியற மாத்திரைகள் அந்தப் பொருள் உருவாகுறதையே குறைக்கும்.

குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதையசைடு. சிறுநீரகம் வழியா உப்பையும் தண்ணியையும் கூடுதலா வெளிய அனுப்பும். ஊர்ல சொல்ற "நீர் மாத்திரை" இதுதான்.

அடினோலால், மெட்டோப்ரோலால். இதயத் துடிப்போட வேகத்தைக் குறைக்கும்.

இதெல்லாம் ரொம்பப் பழைய விஷயம் இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்னைக்கு அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மூளையில ரத்தக்கசிவு வந்து இறந்தப்போ, அவரோட பிபி 300/190 இருந்தது. உலகத்தோட பலம் வாய்ந்த மனுஷனுக்கே அன்னைக்கு உருப்படியான ஒரு பிபி மாத்திரை கிடையாது. 1949ல பம்பாயில ருஸ்தம் ஜல் வகீல்ங்கிற டாக்டர், நம்ம நாட்டு மூலிகை சர்ப்பகந்தாவோட வேர் பிபியைக் குறைக்குதுன்னு பிரிட்டிஷ் இதய இதழ்ல எழுதினார். அதுல இருந்து பிரிச்செடுத்த ரெசர்பின் கொஞ்ச காலம் உலகம் பூரா ஓடுச்சு. 1950கள் கடைசியில நீர் மாத்திரை வந்தது. பிரேசில் நாட்டு விரியன் பாம்பு ஒண்ணோட விஷத்தை ஆராய்ஞ்சதுல கிடைச்ச துப்பை வெச்சு கேப்டோப்ரில் உருவாச்சு, 1981ல அனுமதி கிடைச்சது. அம்லோடிபின் அமெரிக்காவுல அனுமதி வாங்கினது 1992ல.

அன்னைக்கு ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காதது இன்னைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல காசில்லாம கிடைக்குது. அப்புறம் எங்க சிக்கல்?

33.9, அப்புறம் 7.3

2020ல தமிழ்நாடு முழுக்க ஸ்டெப்ஸ்னு ஒரு ஆய்வு நடத்தினாங்க. பெரியவங்கள்ல 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். மூணு பேர்ல ஒருத்தர். அந்த நோய் இருக்கிறவங்கள்ல பிபி கட்டுப்பாட்டுக்குள்ள இருந்தது வெறும் 7.3 சதவீதம் பேருக்கு.

நிறைய பேருக்கு இருக்கிறதே தெரியாது, ஏன்னா வலி இல்லை, காய்ச்சல் இல்லை. தெரிஞ்சவங்கள்லயும் பாதியில விட்டவங்க நிறைய. சாதாரணமா காதுல விழுற காரணம், "செக் பண்ணேன், நார்மல்னு சொன்னாங்க, நிறுத்திட்டேன்." சர்வர் ஒரு வருஷமா டவுன் ஆகலைன்னு மானிட்டரிங் டீமை வீட்டுக்கு அனுப்புற மேனேஜரை நமக்கெல்லாம் தெரியும். அதே லாஜிக். நார்மலா இருக்கிறதே மாத்திரை ஓடிக்கிட்டிருக்கிறதாலதான்.

ஆனா மலைக்குப் போறவங்க மாத்திரையை விடுறதுக்கு வேற காரணங்களும் இருக்கு. அது மறதியும் இல்லை, அறியாமையும் இல்லை. அவங்க பக்கம் நின்னு பாத்தா அது நியாயமான முடிவாவே தெரியும்.

ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு காரணம்

நீர் மாத்திரையை எடுத்துக்கோங்க. விடியக்காலையில போட்டா அடுத்த சில மணி நேரம் அடிக்கடி ஒண்ணுக்கு வரும். அந்த நேரத்துல அந்த அம்மா ஜீப்ல நெருக்கி உக்காந்திருக்காங்க. நடுவுல நிறுத்தச் சொல்ல முடியாது. மேல போனாலும் செடிக்கு நடுவுல கழிப்பறை எங்க இருக்கு? அதனால மாத்திரையை விட்டுடுறாங்க. இல்லைன்னா அதைவிட மோசமா ஒண்ணு பண்றாங்க: தண்ணியே குடிக்கிறதில்லை. நீர் மாத்திரையும் போட்டு, தண்ணியும் குடிக்காம வேலை பாத்தா உடம்புல உப்புச் சத்து குறையும், தலை சுத்தும், சிறுநீரகத்துக்கும் கெடுதல்.

அம்லோடிபின்ல சில பேருக்குக் கணுக்கால் வீங்கும். நாள் பூரா நின்னு வேலை பாக்கிறவங்களுக்கு சாயங்காலம் செருப்பு இறுக்கும். "கிட்னி போயிடுச்சு போல"ன்னு பயந்து நிறுத்திடுவாங்க. அது பெரும்பாலும் அளவைப் பொறுத்த பக்கவிளைவு. அளவைக் குறைச்சோ, டெல்மிசார்டான் மாதிரி ஒண்ணைச் சேர்த்தோ டாக்டரால சரி பண்ண முடியும். ஆனா வீக்கத்துக்கு வேற காரணமும் இருக்கலாம், அதனால காட்டித்தான் ஆகணும்.

எனலாப்ரில் வகையில சில பேருக்கு வறட்டு இருமல் வரும். மலையில பனி, குளிர். "மேல போய்ட்டு வந்தா இப்படித்தான் இருமும்"னு மாசக்கணக்குல இருமல் மருந்து வாங்கிக் குடிப்பாங்க. மாத்திரையை மாத்தினா நிக்கக்கூடிய இருமல் அது.

அடுத்தது தலை சுத்தல். ஏலக்காய் செடியோட அடியில, தரையை ஒட்டிக் காய்க்கும். குனிஞ்சு, குத்தவெச்சு எடுக்கணும், எந்திரிக்கணும், அடுத்த செடிக்குப் போகணும். மாத்திரை கொஞ்சம் அதிகமானாலும் எந்திரிக்கும்போது கண்ணு இருட்டும். அது சரிவான நிலம். விழுந்தா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

கடைசியா வலி மாத்திரை. இப்படிக் குனிஞ்சு நிமிர்ற வேலைக்கு இடுப்பு வலி வராம இருக்குமா? மெடிக்கல் ஷாப்புல "வலிக்கு ஒண்ணு குடுப்பா"ன்னு வாங்குறது டைக்ளோஃபெனாக், ஐபூப்ரோஃபென் மாதிரி ஏதாவது. இந்த வகை வலி மாத்திரை பிபியை ஏத்தும். டெல்மிசார்டானும் நீர் மாத்திரையும் சாப்பிடுறவங்க இதையும் சேர்த்து சாப்பிட்டா சிறுநீரகத்துக்கு மூணு பக்கமும் அடி விழுற மாதிரி. தினமும் வலி மாத்திரை போடுறவங்க அதை பிபி பாக்குற டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லணும். மெடிக்கல் ஷாப்புல வாங்கினது "மருந்து" கணக்குலயே வராது, அதனால யாரும் சொல்றதில்லை.

தப்பான லாக்

இப்ப இந்த எபிசோடோட முக்கியமான இடத்துக்கு வர்றேன்.

ஒரு அம்மா வேலைக்குப் போற ஆறு நாளும் மாத்திரையை விடுறாங்கன்னு வைங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் சாப்பிடுறாங்க. மாசக் கடைசியில ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. பிபி 170/100. டாக்டர் கேக்குறாங்க, "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" அம்மா என்ன சொல்வாங்க? "சாப்பிடுறேன் டாக்டர்." உண்மையைச் சொன்னா திட்டு விழும், வெளிய நீளமா க்யூ நிக்குது, ஜீப்ல பாத்ரூம் பிரச்சினைன்னு ஒரு ஆம்பளை டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றது. டாக்டரும் தன் பக்கம் சரியாத்தான் யோசிக்கிறாங்க: இந்த டோஸ் பத்தலை. கூட்டுறாங்க, இல்லை இன்னொரு மாத்திரையைச் சேர்க்கிறாங்க.

வீட்டுக்கு வந்ததும் பயம். "ரெண்டு மாத்திரை ஆயிடுச்சு"ன்னு நாலு நாள் எல்லாத்தையும் ஒழுங்கா சாப்பிடுறாங்க. இப்ப பிபி சட்டுன்னு இறங்குது. தோட்டத்துல எந்திரிக்கும்போது தலை சுத்துது. "இந்த மாத்திரை நமக்கு ஒத்துக்கலை"ன்னு மொத்தமா நிறுத்திடுறாங்க. அடுத்த மாசம் மறுபடியும் 170.

தப்பான லாக்கை வெச்சு டீபக் பண்ணா கோடுல இல்லாத பிழையைத்தான் திருத்திக்கிட்டு இருப்போம். இங்க அந்த லாக் ஒரு "சாப்பிடுறேன்". இதுல கெட்டவங்க யாருமே இல்லை. டாக்டர் அவங்க வேலையைப் பாக்குறாங்க, அம்மா அவங்க நாளைக் காப்பாத்திக்கிறாங்க. நடுவுல உண்மை மட்டும் போய்ச் சேரலை.

சில மாத்திரைகள் இந்த "விட்டு விட்டு" விளையாட்டை ரொம்பவே தாங்காது. அடினோலால், மெட்டோப்ரோலாலை திடீர்னு நிறுத்தினா துடிப்பு எகிறும், இதய நோய் இருக்கிறவங்களுக்கு ஆபத்து. குளோனிடின் நிறுத்தினா பிபி முன்னாடி இருந்ததைவிட மேல போகலாம். அம்லோடிபின் உடம்புல ரொம்ப நேரம் தங்குற மருந்து, ஒரு வேளை தவறினா பெரிய ஆட்டம் இருக்காது. அதுக்காக மறுநாள் ரெண்டாப் போடக் கூடாது.

மாத்த முடியுற விஷயங்கள்

நல்ல சேதி என்னன்னா, இதுல நிறைய விஷயத்தை மாத்திக்க இடம் இருக்கு.

முதல்ல நேரம். "பிபி மாத்திரை காலையிலதான் போடணும்"னு ஒரு நம்பிக்கை. பிரிட்டன்ல 21,000 பேருக்கு மேல வெச்சு, சில பேரைக் காலையிலயும் சில பேரை ராத்திரியிலயும் சாப்பிடச் சொல்லி, அஞ்சு வருஷத்துக்கு மேல கவனிச்சாங்க. 2022ல லான்செட்ல முடிவு வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இறப்பு எதுலயும் ரெண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. அதாவது, மறக்காம சாப்பிட முடியுற நேரம்தான் நல்ல நேரம். ஜீப் நேரத்துக்குப் பதிலா, வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் சாப்பிடலாமான்னு டாக்டர்கிட்ட கேக்கலாம். நீர் மாத்திரையை மட்டும் படுக்கப் போற நேரத்துல வெச்சா ராத்திரி எந்திரிச்சுக்கிட்டே இருக்கணும், அதனால சாயங்காலமே தோதா இருக்கலாம். அடிக்கடி ஒண்ணுக்கு வர்றதும் முதல் சில வாரத்துக்கு அப்புறம் நிறைய பேருக்குக் குறைஞ்சிடும். இதை யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா பல பேர் விட்டிருக்கவே மாட்டாங்க.

ரெண்டாவது, "ரெண்டு மாத்திரை"ங்கிற பயம். ரெண்டாவது மாத்திரை வந்தா நோய் முத்திடுச்சுன்னு அர்த்தம் இல்லை. 42 ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்த ஒரு கட்டுரை 2009ல வந்தது. ஒரே மாத்திரையோட அளவை ரெண்டு மடங்காக்குறதைவிட, வேற வகை மாத்திரை ஒண்ணைச் சேர்க்கிறது பிபியைக் குறைக்கிறதுல சுமார் அஞ்சு மடங்கு கூடுதல் பலன் தருது. மோட்டாரையே திருகிக்கிட்டு இருக்காம குழாயையும் கொஞ்சம் தளர்த்துற மாதிரி. அளவு குறைவா இருக்கிறதால பக்கவிளைவும் குறையும். ரெண்டும் ஒரே மாத்திரையிலயே சேர்ந்தும் கிடைக்குது.

மூணாவது, மாத்திரை வாங்குற வழி. 2021 ஆகஸ்ட் 5ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில "மக்களைத் தேடி மருத்துவம்" ஆரம்பிச்சாங்க. பிபி, சுகர் இருக்கிறவங்க வீட்டுக்கே வந்து பாத்து, மாத்திரையும் குடுக்கிற திட்டம். 2024ல ஐ.நா. விருது கூட வாங்கினது. ஆனா பகல்ல வீட்டுக்கு வந்தா, மலைக்குப் போனவங்க வீடு பூட்டித்தான் இருக்கும். வேலை பாக்குற இடம் வேற மாநிலம். வீட்டுக்கு வர்ற தன்னார்வலரும் பெரும்பாலும் பக்கத்துத் தெருப் பெண்தான். "அக்கா, நாங்க சாயங்காலம்தான் இருப்போம்"னு சொல்லி வெச்சா பாதி பிரச்சினை தீரும். ஜீப்ல பாத்ரூம் விஷயத்தையும் டாக்டர்கிட்ட சொல்றதைவிட அந்த அக்காகிட்ட சொல்றது சுலபம்.

வீட்டுல பிபி மெஷின் வாங்கிக் குடுத்திருந்தீங்கன்னா, அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்ததுக்கு அப்புறம், முதுகைச் சாய்ச்சு, கையை நெஞ்சு உயரத்துல வெச்சு, பேசாம எடுக்கணும். ஜீப்ல இருந்து இறங்கின உடனே எடுத்த நம்பரைப் பாத்துப் பயப்பட வேண்டாம். வீட்டுல எடுக்கிறது தொடர்ந்து 135/85க்கு மேல இருந்தா டாக்டர்கிட்ட சொல்லணும்.

இன்னும் ரெண்டு எச்சரிக்கை. டெல்மிசார்டான், எனலாப்ரில் வகை மாத்திரைகள் கர்ப்ப காலத்துல கூடாது, குழந்தைக்கு ஆபத்து. இதைக் கேக்குற பெண்கள்ல யாராவது இந்த மாத்திரை எடுத்துக்கிட்டு, குழந்தைக்குத் திட்டமிட்டீங்கன்னா முன்னாடியே டாக்டர்கிட்ட பேசி மாத்திக்கோங்க. அப்புறம் கடையில விக்கிற லோ சோடியம் உப்பு. சோடியத்துக்குப் பதிலா பொட்டாசியம் இருக்கும். இந்த மாத்திரைகள் பொட்டாசியத்தை ஏத்தக்கூடியவை. கேக்காம வாங்கிக் குடுக்காதீங்க.

ஃபோன்ல கேக்க வேண்டிய கேள்வி

இவ்வளவு மெனக்கெடணுமான்னு தோணலாம். 6 லட்சம் பேருக்கு மேல கலந்துக்கிட்ட 123 ஆய்வுகளைத் தொகுத்து 2016ல லான்செட்ல போட்டாங்க. மேல் எண் 10 குறைஞ்சா பக்கவாதம் வர்ற வாய்ப்பு 27 சதவீதம் குறையுது. பத்தே பத்து. நாள் கூலிக்குப் போற வீட்டுல ஒருத்தருக்குப் பக்கவாதம் வந்தா அந்தக் கூலி நிக்கும், பாத்துக்கிறதுக்காக இன்னொருத்தர் கூலியும் நிக்கும். அந்தப் பத்துக்குள்ள ஒரு வீடே இருக்கு.

அதனால அடுத்த தடவை ஊருக்கு ஃபோன் பண்ணும்போது "மாத்திரை சாப்பிடுறியா?"ன்னு கேக்காதீங்க. அதுக்கு "ம்ம்"தான் வரும். இப்படிக் கேளுங்க: "இந்த வாரம் எந்த மாத்திரையம்மா விட்டுப் போச்சு? எதனால?" விட்டது சகஜம்தான்ங்கிற குரல்ல கேளுங்க. திட்டாதீங்க. வர்ற பதிலை அப்படியே ஒரு சீட்டுல எழுதி அடுத்த தடவை டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க: எத்தனை மணிக்குக் கிளம்புறாங்க, எத்தனை மணிக்கு வர்றாங்க, எது போட்டா என்ன பண்ணுது, வலிக்கு என்ன வாங்கிச் சாப்பிடுறாங்க. நாலு வரி போதும்.

அப்படியே நீங்களும் ஒரு தடவை பிபி பாத்துக்கோங்க. இந்த வயசுலயும் வரும், வந்தாலும் சொல்லிக்கிட்டு வராது.

அடுத்த எபிசோடுல பாக்கலாம். பை மக்களே.